தாயக்கட்டையில் தொடங்கும் நிகழ்தகவு: ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு

முதல் வகுப்பிலேயே சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுப்பது தொடக்கப் பள்ளியிலேயே படித்து முடித்த பின்னம்தான். அதை மனப்பாடம் செய்துகொண்ட மாணவர், எந்தக் கணக்கைக் கண்டாலும் அதிலிருந்து இரண்டு எண்களைத் தேடி எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதத் தொடங்கிவிடுவார். அந்த வகுத்தல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற கேள்வி அவருக்குள் எழுவதே இல்லை. இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்திய பிறகு எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: பாடத்தின் உயிர், 'இந்த விளைவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வாய்ப்புதானா?' என்ற கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்வியை மாணவர் தாமாகவே கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், மீதிப் பாடம் எளிதாக நகரும். வராவிட்டால், விடை சரியாக இருக்கும் இடத்திலும் புரிதல் இருக்காது.

இதற்கு நம் வீடுகளில் இருக்கும் பொருள்களே போதும். ஒரு சோடித் தாயக்கட்டை, ஏழெட்டுச் சோழிகள், ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டைகள், சில ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள், ஒரு துணிப்பையும் நிறம் நிறமான கோலிக்குண்டுகளும், ஒரு சீட்டுக்கட்டு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாயக்கட்டை கிடைக்காத வகுப்பில் 0, 1, 2, 3 என்று எழுதி மடித்த நான்கு துண்டுச் சீட்டுகளை இரண்டு டப்பாக்கள் ஒவ்வொன்றிலும் போட்டு, டப்பாவுக்கு ஒரு சீட்டாக எடுக்கச் சொன்னாலும் அதே பயன் கிடைக்கும்.

தாயக்கட்டையில் நான்கு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் இருக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 1, 2, 3, 4, 5, 6 ஆகியவை விழும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் அதைப் பன்னிரண்டு என்று கொள்கிறோம். ஊருக்கு ஊர் விதி சற்று மாறினாலும் இந்த அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஆக, விழக்கூடியவை ஏழு. முதல் வகுப்பில் கட்டையைக் கையில் கொடுக்கும் முன், 'தாயம், அதாவது ஒன்று, விழுவதற்கான வாய்ப்பு எவ்வளவு?' என்று கேளுங்கள். பெரும்பாலானோர் ஏழில் ஒன்று என்பார்கள். அதை மறுக்காமல் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். எழுந்து நின்ற ஒரு மாணவி ஒருமுறை, 'இல்லை ஐயா, பாட்டியோடு விளையாடும்போது மூன்றுதான் சலிக்கச் சலிக்க விழும், தாயம் கேட்டால் வரவே வராது' என்றாள். அவள் சொன்னதையும் ஏழில் ஒன்றுக்குப் பக்கத்திலேயே எழுதினேன். அன்றைய வகுப்பு முழுவதும் அந்த இரண்டு கூற்றுகளில் எது சரி என்று பார்ப்பதிலேயே சென்றது. அதைவிட நல்ல தொடக்கத்தை என்னால் திட்டமிட்டிருக்க முடியாது.

பிறகு மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடியும் 32 முறை உருட்டி, நான்கு கோடுகளும் குறுக்குக் கோடும் கொண்ட நேர்க்கோட்டுக் குறிகளால் பதிவு செய்யச் சொல்லுங்கள். இருபது சோடிகள் இருந்தால் மொத்தம் 640 உருட்டல்கள். தனித்தனித் தாள்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோலத் தோன்றும். ஒரு சோடிக்குத் தாயம் எட்டு முறை விழுந்திருக்கும், மற்றொரு சோடிக்கு ஒருமுறைதான் விழுந்திருக்கும். எல்லாத் தாள்களையும் கூட்டிக் கரும்பலகையில் பட்டை வரைபடமாக வரையும்போது, மூன்றில் உச்சம் கொண்டு இருபுறமும் சரியும் ஒரு குன்று எழுந்து நிற்கும். எதிர்பார்க்க வேண்டிய எண்கள், மூன்றுக்கு 160, இரண்டுக்கும் நான்குக்கும் 120, தாயத்துக்கும் ஐந்துக்கும் 80, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் 40 ஆகும். உங்கள் வகுப்பின் எண்கள் இவற்றோடு துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் குன்றின் வடிவம் கிட்டத்தட்ட இதுவாகவே இருக்கும்.

ஏன் இந்த வடிவம் என்று கேட்டுவிட்டு, இப்போது கூறுவெளிக்கு, அதாவது எல்லா விளைவுகளின் தொகுப்புக்கு, வாருங்கள். ஒரு கட்டையில் சிவப்பு நூலும் மற்றதில் கறுப்பு நூலும் கட்டிவிடுங்கள். சிவப்புக் கட்டையின் நான்கு விளைவுகள் ஒவ்வொன்றோடும் கறுப்புக் கட்டையின் நான்கு விளைவுகள் சேர, 16 கூறுபுள்ளிகள் கிடைக்கின்றன. நான்குக்கு நான்கு கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் கூடுதலை எழுதச் சொன்னால், மூன்று என்பது (0,3), (3,0), (1,2), (2,1) என நான்கு கட்டங்களிலும், தாயம் (0,1), (1,0) என இரண்டு கட்டங்களிலும், பன்னிரண்டு ஒரே ஒரு கட்டத்திலும் இருப்பதைப் பிள்ளைகள் தாங்களே காண்பார்கள். ஒரே வாய்ப்புடையவை இந்தப் பதினாறு கட்டங்கள்தான். விழும் ஏழு எண்களும் அல்ல. இந்த இடத்தில்தான் சூத்திரத்தை எழுத வேண்டும். தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. மீண்டும் உருட்டும் உரிமையைத் தரும் 1, 5, 6, 12 ஆகியவற்றுக்குச் சேர்த்து 6/16, அதாவது 3/8. ஓரத்தில் எழுதிவைத்த ஏழில் ஒன்றை அழிக்கும் வேலையை ஒரு மாணவரிடமே விட்டுவிடுங்கள்.

இங்கே நம் பாடச் சொற்களில் உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். முடிவு முன்கூட்டியே தெரியாத சோதனையைச் சமவாய்ப்புச் சோதனை என்கிறோம். ஒரே அளவு வாய்ப்புடைய நிகழ்ச்சிகளையும் சமவாய்ப்பு நிகழ்ச்சிகள் என்கிறோம். இரண்டு வேறு கருத்துகளுக்கு ஒரே சொல் வந்து அமர்ந்துவிட்டதால், 'சமவாய்ப்புச் சோதனை என்றால் எல்லா விளைவுக்கும் சம வாய்ப்பு' என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் பிழை அன்று, சொல் அப்படித்தான் அழைக்கிறது. ஆகவே, 'முடிவு முன்பே தெரியாத சோதனை' என்று ஒருமுறையும், 'எல்லா விளைவும் ஒரே அளவு வாய்ப்புடையவை' என்று ஒருமுறையும் விரித்தே சொல்லி, இரண்டையும் பிரித்து நிறுத்துங்கள்.

பிரித்து நிறுத்த உதவுவது சோழி. ஒரு சோழியை உருட்டினால் அது வாய் மேலாகவோ முதுகு மேலாகவோ விழும். விளைவுகள் இரண்டு. அதனால் நிகழ்தகவு 1/2 என்று சொல்லிவிட முடியுமா? சோழியின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிந்த முதுகு. அதன் எடையும் வடிவமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை. நாணயத்தை 1/2 என்று சொல்லத் துணிவு தருவது விளைவுகள் இரண்டு என்பது அன்று. இரண்டு பக்கங்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தாலும் வேறுபாடு தெரியாது என்ற சமச்சீர்மைதான். சோழியிடம் அந்தச் சமச்சீர்மை இல்லாததால், உருட்டிப் பார்த்து எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒன்பதாம் வகுப்பின் பட்டறி நிகழ்தகவு, அதாவது செய்து பார்த்து எண்ணிப் பெறும் நிகழ்தகவு, எதற்காக இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் விளங்கும். புளியங்கொட்டைக்கும் இதுவே பொருந்தும். ஒரே சோழியை வகுப்பு முழுவதும் பயன்படுத்துவது முக்கியம், ஏனெனில் ஒவ்வொரு சோழிக்கும் ஒரு தனி நிகழ்தகவு உண்டு. ஒரு நாளில் முடிக்க முயலாமல், பதிவுத்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நாளும் இருவர் ஐம்பது முறை உருட்டி, அதுவரை வந்த மொத்தத்தின் விகிதத்தைப் புள்ளியாகக் குறித்து வரச் செய்யுங்கள். முதல் சில நாள்களில் கோடு மேலும் கீழுமாக அலையும். நாள்கள் செல்லச் செல்ல ஓரிடத்தில் அடங்கி வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நாணயத்துக்கு வரும்போது ஆசிரியரே சில எண்களை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு சீரான நாணயத்தை 20 முறை சுண்டினால் சரியாகப் பத்துத் தலை விழுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.18 மட்டுமே. இருபது சோடிகள் உள்ள வகுப்பில் மூன்று அல்லது நான்கு சோடிகளுக்குத்தான் பத்து வரும். இது தெரியாத ஆசிரியர், 13 தலை பெற்ற மாணவரிடம் 'சரியாகச் சுண்டவில்லை' என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல்லில் முழுப் பாடமும் பாழாகிவிடும், ஏனெனில் அடுத்த முறை அந்த மாணவர் சுண்டாமலே பத்து என்று எழுதித் தருவார். 20 முறைக்கு ஆறிலிருந்து பதினான்கு வரை எது வந்தாலும் அது மிக இயல்பானது. எல்லாச் சோடிகளின் 400 சுண்டல்களையும் கூட்டினால் தலைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் 180க்கும் 220க்கும் இடையில் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் ஜான் கெர்ரிச் என்ற கணித ஆசிரியரின் கதையைச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய அவர், 1940இல் டென்மார்க்குக்குச் சென்றிருந்தபோது ஜெர்மானியப் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றியதால் காவல் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே உடனிருந்த ஒருவரோடு சேர்ந்து ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிப் பதிவு செய்தார். தலை விழுந்தது 5,067 முறை. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி இரண்டு கேள்விகள் கேளுங்கள். பாதியிலிருந்து எத்தனை தலைகள் அதிகம்? 67. விகிதம் எவ்வளவு? 0.5067. பத்து முறை சுண்டி ஆறு தலை பெற்றவருக்கு வேறுபாடு ஒன்றுதான், ஆனால் விகிதம் 0.6. முயற்சிகள் கூடக் கூட வேறுபாடு குறைந்து சமமாகிவிடும் என்ற எண்ணம் தவறு. அது வளரவும் கூடும். மொத்தத்தோடு ஒப்பிடும்போது அது சிறுத்துப் போவதால் விகிதம் பாதியை நெருங்குகிறது.

இந்த நுட்பத்தை விட்டுவிட்டால் வேறொரு தவறான நம்பிக்கை வேர்விட்டுவிடும். தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்துவிட்டது, அடுத்து பூ விழுந்தே ஆக வேண்டும் என்று பெரியவர்களும் நினைக்கிறார்கள். நாணயத்துக்கு நினைவாற்றல் இல்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல் செய்து காட்டுங்கள். வகுப்பில் பாதிப் பேரை உண்மையாகவே நூறு முறை சுண்டி வரிசையாக எழுதச் சொல்லுங்கள். மீதிப் பேர் சுண்டாமல் மனத்தில் கற்பனை செய்து நூறு எழுத்துகளை எழுதட்டும். தாள்களைக் கலந்து வாங்கிக்கொண்டு எது உண்மை, எது கற்பனை என்று நீங்கள் பிரித்துக் காட்டலாம். உண்மையில் நூறு முறை சுண்டினால் ஒரே பக்கம் தொடர்ந்து ஐந்து முறையாவது விழுவது அநேகமாக நடந்தே தீரும். கற்பனையாக எழுதுபவர்களோ மூன்று தலை சேர்ந்ததும் கை கூசிப் பூவை எழுதிவிடுவார்கள். பிரித்த தாள்களில் பெரும்பாலானவை சரியாக இருக்கும்; வகுப்பு வியந்து நிற்கும் அந்த நிமிடத்தில் தொடர்களை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டுங்கள். பிறகு சேர்ந்தாற்போல் மூன்று தலை வந்த இடங்களை எல்லாம் உண்மைத் தாள்களில் தேடி, அதற்கடுத்து என்ன விழுந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். ஏறத்தாழப் பாதிக்குப் பாதியாகவே வரும்.

இதே நம்பிக்கை வீடுகளில் எந்த உருவில் உலவுகிறது என்பதை நாம் அறிவோம். 'இரண்டும் பெண்ணாகிவிட்டது, மூன்றாவது நிச்சயம் ஆண்தான்' என்பதைக் கேட்டே பல பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். மூன்றாவது குழந்தை ஆணாக இருக்கும் வாய்ப்பு முதல் குழந்தைக்கு இருந்த அதே ஏறத்தாழப் பாதிதான் என்றும், குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையிடமிருந்து வரும் குரோமோசோம் என்றும் அறிவியல் வகுப்போடு இணைத்துச் சொல்வது நல்லது. அந்த வகுப்பில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவளும் உட்கார்ந்திருப்பாள் என்பதை மறக்காமல், எந்த வீட்டையும் சுட்டாமல் சொல்ல வேண்டும்.

இரண்டு நாணயங்களைச் சேர்த்துச் சுண்டும் கணக்கில் தாயக்கட்டையின் பாடம் திரும்பவும் வரும். இரண்டும் தலை, ஒன்று தலை ஒன்று பூ, இரண்டும் பூ என மூன்று விளைவுகள்; எனவே ஒவ்வொன்றுக்கும் 1/3 என்பார்கள். இந்தப் பிழையில் வெட்கப்பட ஏதுமில்லை. பிரெஞ்சுக் கணித மேதையான டாலம்பெர் 1754இல் இரண்டு சுண்டலில் ஒருமுறையாவது தலை விழும் வாய்ப்பை 2/3 என்றுதான் எழுதினார். சரியான விடை 3/4. ஒரு நாணயம் ஒரு ரூபாயாகவும் மற்றது ஐந்து ரூபாயாகவும் இருந்தால் (தலை, பூ), (பூ, தலை) இரண்டும் வேறு என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரே மாதிரி நாணயங்களைக் கொடுத்துவிட்டு இதை விளக்க முயல்வது வீண் பாடு. மேல்நிலைக்குச் செல்லக்கூடிய மாணவர்களுக்குக் கலிலியோவிடம் கேட்கப்பட்ட கேள்வியைக் கொடுக்கலாம்: மூன்று பகடைகளில் கூடுதல் 9 ஆவதற்கும் 10 ஆவதற்கும் எண்களை ஆறாறு வகையாகத்தான் பிரிக்க முடிகிறது, ஆனாலும் 10 சற்று அடிக்கடி விழுவதாக ஆடுபவர்கள் சொல்கிறார்களே, ஏன்? வரிசையையும் கணக்கில் எடுத்தால் 216 கூறுபுள்ளிகளில் ஒன்பதுக்கு 25உம் பத்துக்கு 27உம் கிடைக்கின்றன. அந்தச் சிறு வேறுபாட்டை உருட்டி உருட்டியே உணர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சீட்டுக்கட்டுக் கணக்குகளைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை போதும். சீட்டே நுழையாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஸ்பேடு, கிளாவர், ஹார்ட், டைமண்ட் என்பவை வெறும் ஒலிகள். நான்கு வகை, வகைக்கு 13, கறுப்பு 26, சிவப்பு 26, முகச்சீட்டுகள் 12 என்பதைச் சீட்டுக்கட்டை மேசையில் விரித்து அவர்கள் கையாலேயே அடுக்க வைத்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள். சூதாட்டப் பொருளைப் பள்ளிக்குள் கொண்டுவருவதைப் பெற்றோர் யாரேனும் கேள்வி கேட்டால் அந்தக் கவலை நியாயமானது என்று ஏற்றுக்கொண்டு, ஆறு இலக்க லாட்டரிச் சீட்டு ஒன்று வெல்ல 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்பதைப் பிள்ளை தானே கணக்கிட்டு அறிவதற்காகத்தான் இதைக் கற்பிக்கிறோம் என்று சொல்லுங்கள்.

கூட்டல் தேற்றத்தில் தடை கணிதத்தில் இல்லை, 'அல்லது' என்ற சொல்லில் இருக்கிறது. 'டீ அல்லது காபி' என்றால் வீட்டில் ஒன்றைத்தான் தருவார்கள். கணிதத்தில் 'A அல்லது B' என்றால் இரண்டும் சேர்ந்து நிகழ்வதும் அதில் அடக்கம். ஒரு பகடையில் இரட்டைப்படை எண் அல்லது பகா எண் விழும் நிகழ்தகவைக் கேளுங்கள். இரட்டைப்படை 2, 4, 6. பகா எண்கள் 2, 3, 5. அப்படியே கூட்டினால் 3/6 + 3/6 = 1, அதாவது உறுதியான நிகழ்ச்சி. ஆனால் பகடையில் 1 விழுமே, அது எங்கே போயிற்று? இந்த முரண்பாட்டை வகுப்பே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். 2 என்ற எண்ணை இருமுறை எண்ணிவிட்டோம் என்று யாராவது சொல்வார்கள். அப்போது P(A∩B), அதாவது இரண்டும் சேர்ந்து நிகழும் நிகழ்தகவு, கழிக்கப்படுவதற்குக் காரணம் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

'குறைந்தபட்சம்', 'அதிகபட்சம்' ஆகிய சொற்களும் இப்படித்தான். மூன்று நாணயங்களில் அதிகபட்சம் இரண்டு தலைகள் என்றால் தலையே விழாததும் அதில் சேரும் என்பதை எட்டுக் கூறுபுள்ளிகளையும் எழுதி, பொருந்துவதை எல்லாம் வட்டமிட்டுக் காட்ட வேண்டும். குறைந்தபட்சம் ஒரு தலை என்று வந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது நிரப்பு நிகழ்ச்சியிலிருந்து வருவதே சுருக்கம்: தலையே இல்லாதது 1/8, எனவே விடை 7/8.

லீப் ஆண்டில் 53 சனிக்கிழமைகள் வரும் நிகழ்தகவு என்பது தேர்வுகளில் பழகிப்போன கேள்வி. 52 வாரங்கள் போக மிஞ்சும் இரண்டு நாள்கள் ஏழு வகையில் அமையலாம், அவற்றில் இரண்டில் சனி உண்டு, எனவே 2/7. தேர்வுக்கு இந்த விடையையே எழுத வேண்டும். ஆனால் ஆர்வமுள்ள மாணவர்களிடம் இந்த ஏழும் உண்மையிலேயே ஒரே வாய்ப்புடையவையா என்று கேட்டுப் பாருங்கள். நம் நாள்காட்டி 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படியே திரும்புகிறது, ஏனெனில் அதில் உள்ள 1,46,097 நாள்கள் மீதியின்றி 20,871 வாரங்கள். அந்த 400 ஆண்டுகளில் லீப் ஆண்டுகள் 97. தொண்ணூற்றேழு ஏழால் வகுபடாது; ஆகவே ஏழு வகைகளும் துல்லியமாகச் சமமாக இருக்கவே முடியாது. முதல் நாள் தாயக்கட்டையிடம் கேட்ட கேள்வியை இங்கே பாடநூல் கணக்கிடமே கேட்கிறோம்.

விடைத்தாள் திருத்தும்போது கூறுவெளியை எழுதியதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்; கூறுவெளி சரியாக இருந்து பின்னத்தைச் சுருக்குவதில் தவறியவர் பாடத்தைப் புரிந்தவர். நிகழ்ச்சியை A என்றும் அதன் எண்ணிக்கையை n(A) என்றும் அதன் நிகழ்தகவை P(A) என்றும் எழுதும் வேறுபாட்டில் கண்டிப்பாக இருங்கள். விடை 1ஐவிடப் பெரிதாகவோ குறை எண்ணாகவோ வந்தால், கணக்கைத் திரும்பப் பார்க்காமல் தாளைக் கொடுக்கக் கூடாது என்பதை வகுப்பின் விதியாக்குங்கள்.

சுவரில் ஒட்டிய சோழிப் பதிவுத்தாளைப் பாடம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சோழியையும் தாளையும் ஓர் உறையில் போட்டு, அதுவரை நடந்த முயற்சிகளின் எண்ணிக்கையை மேலே எழுதி அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வருபவர்கள் அதே சோழியை எடுத்து, அதே தாளில், கோடு நின்ற இடத்திலிருந்து தொடரட்டும்.